முதியோர் இல்லத்தில் ராத்திரிக்கு எத்தனை ஆள்?



பெடாஸ் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்தால் வலி போய்விடும் என்கிற வயசு வரை நம் பெரியவர்களைப் பற்றிக் கவலை இல்லை. பக்கவாதம் வந்து படுத்துவிட்டால்தான் கஷ்டம். பிள்ளைகள் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்கிறார்கள். லயத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடைசியில் முதியோர் இல்லம் தேடுகிறோம். மாதம் எத்தனை வெள்ளி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறோம். அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

படுத்த படுக்கையாக இருப்பவரை வழக்கமாக ரெண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 12 தடவை. தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் குறைந்து புண் வரும். முற்றினால் எலும்பு வரைக்கும் போகும். கனத்த உடம்பைப் புரட்ட ரெண்டு பேர் வேணும். ராத்திரி ஒரே ஆள் இருந்தால் என்ன செய்வார்? சோறு ஊட்டுவதும் அப்படித்தான். அவசரமாக ஊட்டினால் புரையேறி, நுரையீரலுக்குள் போய், நிமோனியாவில் முடியும்.

ஆஸ்திரேலியாவில் இதை நிமிடக் கணக்கில் சட்டமாக்கியிருக்கிறார்கள். 2024 அக்டோபர் முதல் ஓர் ஆளுக்குத் தினம் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு. அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற தாதியுடையது. 12 பேர் இருக்கும் இல்லத்துக்கு இது 43 மணி நேரம். எட்டு மணி வேலைக்கு ஐந்து ஆளுக்கு மேல் வேணும். சமையலும் துணி துவைப்பதும் இதில் சேராது. அமெரிக்காவும் 2024-ல் 3.48 மணி நேரம் என்று விதி போட்டது. இல்ல உரிமையாளர்களின் சங்கங்கள் வழக்குப் போட்டு, 2025-ல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. முதலாளிகள் எங்கேயும் முதலாளிகள்தான்!

தலையை எண்ணினால் மட்டும் போதாது. மேட்டுக்காட்டு மரமும் சமதரை மரமும் ஒரே வேலையா? நடமாடும் பாட்டியும் படுத்திருக்கும் தாத்தாவும் ஒன்றில்லை.

இன்னொரு கணக்கு. இரவும் பகலும் ஒரு ஆள் இருக்க வாரம் 168 மணி நேரம் வேணும். நம் நாட்டுச் சட்டப்படி 2023 முதல் வேலை வாரம் 45 மணி. லீவு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் அந்த ஒரு இடத்துக்கே நாலு பேருக்கு மேல் தேவை. "மூணு பேர் இருக்காங்க, போதும்" என்று சொன்னால், யாரோ ஒரு பெண் தூக்கமில்லாமல் ரெட்டை ஷிப்ட் பார்க்கிறாள் என்று அர்த்தம். அவள் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சர்ட்டிபிகேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எத்தனை ஆள் என்று கேளுங்கள். ஒருநாள் சொல்லாமல் இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். தண்ணீர் கைக்கு எட்டுகிறதா, கூப்பிட்டால் வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அன்றைக்கே தாதியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.