டேங்கின் அடியில் தங்கிய நீர்

புனே நகரின் வடபால் மூலா நதியை ஒட்டி அமைந்த இராணுவக் குடியிருப்புப் பகுதி கட்கி. 1817 நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வாவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதிய களம் இதுவே. 1869இல் தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை இன்றும் இங்கு இயங்கி வருகிறது. தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றன. அத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவரைச் சென்ற மழைக்காலத்தில் சந்தித்தோம். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். வங்கிக் கடனில் வாங்கிய சிறிய பெட்ரோல் பிக்கப் வண்டியே அவருடைய மூலதனம். விடியற்காலையில் மாவு போய்ச் சேராவிட்டால் மாலைக்குள் புளித்துவிடும். தவணைத் தேதியோ யாருக்காகவும் காத்திராது.

தொடர்மழை பெய்த ஒரு வாரத்தில், பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்ட வண்டி மூன்று கிலோமீட்டர் செல்வதற்குள் மேம்பால ஏற்றத்தில் குலுங்கித் திணறியது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மின்னியது. மறுநாள் காலையில் வண்டி கிளம்பவே இல்லை. முதலில் பார்த்த பழுதுநீக்குநர் ஸ்பார்க் பிளக்குகளையும் இக்னிஷன் காயிலையும் மாற்றினார். பணம் செலவாயிற்று, குறை நீங்கவில்லை.

இரண்டாவதாக வந்த முதிய மெக்கானிக், பானெட்டைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்: “தாயி, கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள்?” மராத்தியில் தாயி என்றால் அக்காள். நோய் கணிப்பதில் பாதி அக்கேள்வியிலேயே முடிந்துவிட்டது என்பது எங்கள் கருத்து. ஸ்கேனரை இணைத்தபோது, குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் மட்டும் பழுதெனத் தெரியவில்லை. நான்கிலும் மாறி மாறி எரிதல் தவறியிருந்தது. காயில் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே சிலிண்டர்தான் தொடர்ந்து தவறும். நான்கும் ஒருசேரத் தடுமாறினால், நான்குக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். அது எரிபொருள்.

டேங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நெருப்பு அண்டாத இடத்தில் அசையாமல் வைத்தார். சிறிது நேரத்தில் திரவம் இரண்டாகப் பிரிந்து நின்றது. அடியில் நின்ற கலங்கிய படலம் நீரும் எத்தனாலும் சேர்ந்தது. இன்று விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை விரும்பி ஏற்கும் இயல்புடையது. சிறிதளவு நீர் பெட்ரோலோடு கலந்தே நிற்கும். அளவு மிஞ்சினால் நீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். எரிபொருள் பம்பு உறிஞ்சுவதோ அடியிலிருந்து! மேலே எஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் குறைந்து, எஞ்சினைத் தட்ட வைக்கும்.

டேங்கைக் காலி செய்து கழுவி, வடிகட்டியை மாற்றி, இன்ஜெக்டர்களைத் துப்புரவு செய்ய நான்கு நாள்கள் ஆயின. வழக்கமான வாகனக் காப்பீட்டில் இத்தகைய இயந்திரக் கோளாறுகள் அடங்குவதில்லை. ரசீது வாங்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. எனினும் கைப்பேசி வழியே பணம் செலுத்தியிருந்ததால் நாளும் நேரமும் தொகையும் பதிவாகியிருந்தன. அதைக் காட்டியபின், நீர் கண்டறியும் பசை பூசிய அளவுகோலை நிலத்தடித் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தார்கள். பசை நிறம் மாறியது. உரிமையாளர் பழுதுபார்த்த செலவைத் தந்தார். வீணான மாவுக்கும் நான்கு நாள் வருவாய்க்கும் ஈடு கிடைக்கவில்லை.

மழைநீர் புகுவது கவனக்குறைவு. வேண்டுமென்றே கலப்பது குற்றம். அக்குற்றத்தைத் தடுக்க முனைந்து உயிர் துறந்தோரும் உளர். கலப்படத்தின்மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதே மகாராஷ்டிரத்தில், மன்மாடு அருகே, கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே 2011 ஜனவரி 25 அன்று எரித்துக் கொல்லப்பட்டார்.

பங்கில் வடிகட்டித் தாள் சோதனை கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. தாளில் விட்ட சொட்டு ஆவியானபின் கறை நின்றால் மண்ணெண்ணெய் போன்ற கனமான கலப்பு இருக்கலாம். ஆனால் நீரை அத்தாள் காட்டிக்கொடுக்காது என்பதைப் பலர் அறியார். அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம். பெட்ரோலுக்கு 15 பாகை செல்சியசில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருத்தல் வேண்டும். அளவில் ஐயம் இருந்தால் 5 லிட்டர் அளவுக் கலனில் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம்.

நாங்கள் விடைபெற்றபோது மாவு வண்டி மீண்டும் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இருக்கைக்கு அடியில் பெட்ரோல் ரசீதுகள் செருகிய ஒரு கம்பியும், மெக்கானிக் விட்டுச்சென்ற அந்தக் கண்ணாடிப் புட்டியும் இருந்தன.