பயனியர் வில்லேஜ் (நெப்ராஸ்கா)

பயனியர் வில்லேஜ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள மின்டன் என்னும் சிறுநகரில், ஹரால்டு வார்ப் (1903–1994) என்பவரால் 1953 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊரக வரலாற்று அருங்காட்சியகம் ஆகும். ஏறத்தாழ 20 ஏக்கர் நிலத்தில் 28 கட்டடங்களில் 50,000க்கும் மேற்பட்ட பொருட்கள் இங்கு திரட்டப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவை அரும்பொருட்கள் என்று பொதுவாகக் கருதப்படாதவை: கலப்பை, அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, துணி துவைக்கும் எந்திரம், குதிரை வண்டி, பழைய உழவு எந்திரம் முதலியன.

தோற்றம்

வார்ப் மின்டனுக்கு அருகே, நோர்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்தில், புல்மண் வீடொன்றில் பிறந்தார். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். கோழிப்பண்ணைச் சாளரங்களில் கண்ணாடிக்கு மாற்றாகப் பயன்படும் ஒளி ஊடுருவும் பொருள் ஒன்றை உருவாக்கி, 1924இல் சிக்காகோவுக்குச் சென்று தொழில் தொடங்கிப் பெரும் செல்வந்தரானார். 1948இல், தாம் படித்த ஓரறைப் பள்ளிக்கூடம் விற்பனைக்கு வந்ததை அறிந்து அதனை வாங்கினார். அருங்காட்சியகத்தின் தொடக்கம் இதுவே. பின்னர் பழைய தேவாலயம், தொடருந்து நிலையம், மரக்கட்டைகளால் ஆன கோட்டைவீடு ஆகியனவும் இவ்விடத்திற்குக் கொண்டுவரப்பட்டன. 1983இல் வார்ப் இதனை ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்கு வழங்கினார்.

புல்மண் வீடு

1862 ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஒருவர் 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டால், சிறு கட்டணத்துடன் அந்நிலம் அவருக்கே உரியதாயிற்று. ஆனால் நெப்ராஸ்காவின் பிரேரிப் புல்வெளியில் மரங்கள் மிகக் குறைவு. வீடு கட்ட மரமில்லாத குடியேறிகள் நிலத்தையே வெட்டி எடுத்துச் சுவராக அடுக்கினர்.

பிரேரிப் புற்களின் வேர்கள் மண்ணை இறுகப் பின்னிப் பிடித்திருக்கும். தனிவகைக் கலப்பையால் ஏறத்தாழ ஓரடி அகலத்தில் நீண்ட பட்டைகளாக இம்மண்ணைச் சீவி, இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளாக நறுக்கினர். அத்துண்டுகள் புல்பக்கம் கீழாக இருக்குமாறு செங்கல் போல அடுக்கப்பட்டன. சுவரின் தடிப்பு இரண்டடி அல்லது அதற்கும் மேல் இருந்தமையால் வீடு கோடையில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருந்தது. மழைக்காலம்தான் தொல்லை. கூரையிலிருந்து சேறு ஒழுகும். மண்ணும் பூச்சிகளும் உணவில் விழாதிருக்க உட்கூரையின் கீழ்த் துணி கட்டுவர். விறகு இல்லாமையால் காய்ந்த சாணமே எரிபொருள். வறட்டி தட்டும் நம் ஊர்களில் இது புதுமையன்று.

இவ்வீடுகளில் பல சில ஆண்டுகளிலேயே கரைந்து மண்ணோடு மண்ணாயின. எனவே அருங்காட்சியகத்தில் உள்ள புல்மண் வீடு பின்னர் கட்டப்பட்ட மாதிரியே ஆகும். மண்ணைச் சீவிய இரும்பு எஞ்சுகிறது, சீவப்பட்ட மண் எஞ்சுவதில்லை. ஊரக அருங்காட்சியகம் எதற்குச் செல்பவரும் இதனை மனத்தில் கொள்வது நல்லது.

காலவரிசை முறை

பொருட்களை அழகு அல்லது விலை கருதி அல்லாமல், வகைவாரியாகக் காலவரிசையில் அடுக்கியமை வார்ப் கையாண்ட முறை. சமையலறைகளின் வரிசை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1830இன் திறந்த அடுப்பங்கரையில் தொடங்கி, இரும்பு அடுப்பு, மின் அடுப்பு எனத் தலைமுறை தலைமுறையாக அறைகள் அமைக்கப்பட்டன. ஒரு மென்பொருளின் பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதைப் போன்றது இது. தனியாக நிற்கும் அடுப்பு பழைய இரும்பு மட்டுமே; அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் அருகில் வைத்தால்தான் அது எந்த வேலையைக் குறைத்தது என்பது விளங்கும்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. நெப்ராஸ்கா நிலப்பகுதி குடியேற்றத்திற்குத் திறந்துவிடப்பட்டது 1854இல்தான். 1830இல் பிளாட் ஆற்றுப் பகுதி பாவ்னி முதலிய பழங்குடியினரின் நாடாக இருந்தது. ஆகவே வரிசையின் முதற் சமையலறை அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வாழ்க்கையைக் காட்டுவது, மின்டனுக்கு உரியதன்று. பாவ்னி மக்கள் மரச்சட்டத்தின் மேல் புல்லும் மண்ணும் மூடிய பெரிய வட்ட வடிவ வீடுகளைப் பன்னெடுங்காலமாகக் கட்டி வந்தனர், சோளம் பயிரிட்டனர். அந்நிலத்தில் மண்வீடு குடியேறிகளின் கண்டுபிடிப்பு அன்று. பாவ்னி மக்கள் 1870களில் இன்றைய ஒக்லகோமாவுக்கு இடம்பெயர்ந்து செல்லும் நிலைக்கு ஆளாயினர். "முன்னோடி" என்னும் சொல்லைப் படிக்கும்போது, யாருக்கு முன் என்ற கேள்வியும் எழ வேண்டும்.

ஒளிப்படச் சான்றுகள்

பொருட்கள் மட்டும் சொல்லாதவற்றை அறிய, சாலமன் புட்சர் என்பவர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் எடுத்த ஒளிப்படங்கள் உதவுகின்றன. இவற்றில் குடும்பத்தினர் தம் புல்மண் வீட்டின் முன் கால்நடைகளுடனும், வெளியே தூக்கிவந்து வைத்த தையல் எந்திரம் போன்ற உடைமைகளுடனும் நிற்கின்றனர். ஒரு படத்தில் குடும்பத்தினரின் ஆர்கன் இசைக்கருவி திறந்த வெளியில் நிற்கிறது. ஆர்கன் இருப்பதை உறவினருக்குக் காட்ட விரும்பிய அவ்வீட்டுப் பெண்மணி, மண்வீட்டில் வாழ்வதைக் காட்ட விரும்பவில்லையாம்.