பாதங்களைக் கழுவும் பணி

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை நாம் ஊழியர் என்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறைபணி செய்பவரையும் ஊழியர் என்றே அழைப்பர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ஊழியத்துக்கு நேராக நிற்கும் சொல், பந்தியில் உணவு பரிமாறும் வேலையையும் குறிப்பதாகும். ஆகவே ஊழியம் பிரசங்கத்தோடு முடிந்துவிடுவதன்று. கை உழைக்கும் வேலையும் அதன் பகுதியே.

இதற்கு முன்மாதிரியை யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சீடரோடு அருந்திய கடைசி விருந்தின்போது இயேசு எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவர்களுடைய பாதங்களைக் கழுவித் துடைத்தார். அக்காலத்தில் அது அடிமையின் வேலை. பெரிய வியாழனன்று பல தேவாலயங்களில் இதனைச் சடங்காக நினைவுகூர்கின்றனர். சடங்கு ஆண்டில் ஒரு நாள். அதன் பொருளை அன்றாட வேலையாக்கிய இடம் ஒன்று உண்டு.

வங்காளத்திலோ பீகாரிலோ வாழும் தமிழரிடம் வேலூருக்கு வழி கேட்போர் உண்டு. அவர்கள் கேட்பது அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பற்றி. அங்கே 1946-இல் டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் அவர்.

தொழுநோயால் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே அந்நாளில் பலரும் நம்பினர். டாக்டர் பிராண்ட் அதனை ஐயுற்றார். ஒரு நாள், தம்மால் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டை நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதில் திறந்துவிடக் கண்டார். அவன் விரலைப் பார்த்தால், சாவி எலும்பு வரை அறுத்திருந்தது. சிறுவனுக்கோ வலியே தெரியவில்லை. நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. உணராத காயங்களே உறுப்புகளை அழிக்கின்றன. இவ்வுண்மை மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

பிறகு வேலை இரு வழியாக நடந்தது. மடங்கிப் போன விரல்களை, நல்ல தசையின் நாண்களை இடம் மாற்றித் தைத்து அவர் நிமிர்த்தினார். ஆயினும் கை நேரான சிலர் திரும்பி வந்து, இனிப் பிச்சையும் கிடைக்காது என்று முறையிட்டனர். அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கவும் ஏற்பாடாயிற்று. இரண்டாவது வழி பாதங்களைக் காப்பது. நாள்தோறும் கால்களை நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, முள்ளோ கொப்புளமோ உண்டா என்று பார்க்க வேண்டும். மென்மையான ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பு அணிய வேண்டும். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணியைத் தொடர்ந்தது. துண்டும் நீரும் அங்கே மருத்துவத்தின் கருவிகளாயின.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. இரக்கம் மட்டும் போதாது. பிறருக்கு உண்மையில் தேவைப்படுவது எது என்று குனிந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமையே தொண்டைத் தானத்தினின்று வேறுபடுத்துகிறது.

தொழுநோய் இன்று குணமாகும் நோய். 1980-களிலிருந்து பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சையை, நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் கொள்ள வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் அது இலவசம். ஆயினும் 2019-இல் சட்டம் திருத்தப்படும் வரை, திருமண முறிவுக்கு இந்நோய் ஒரு காரணமாகச் சட்டத்தில் இருந்தது. சட்டம் மாறினாலும் மனத்தின் அச்சம் எளிதில் மாறுவதில்லை.

நாம் வாழும் ஊர் எதுவாயினும், நம் வீட்டில் வேலை செய்பவரிடமோ அண்டை வீட்டாரிடமோ உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைக் கண்டால் விலகிப் போக வேண்டாம். உடன் நடந்து மருத்துவமனையில் சேர்ப்பிப்போம். அந்த ஊரின் மொழி நமக்குச் சரளமாக வராவிட்டாலும், நம் வருகையின் பொருள் அவருக்குப் புரியும்.