'வீட்டில் செய்தது': கோதுமைத் தோர்த்தியா பற்றிச் சில விளக்கங்கள்

'வீட்டில் செய்தது' என்றொரு சொல் இருக்கிறதே, அதை அவ்வளவு சுலபமாக நம்பிவிட முடியாது. கடைச் சரக்கைவிட மேலானது, அம்மாவின் கைமணம், குடும்பத்தின் ஒற்றுமை என்றெல்லாம் அது பேசும். யார் செய்தது, எத்தனை மணி நேரம் செய்தது, செய்தவர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். இந்தச் சொல்லாடலைப் பிரித்துப் பார்க்க, வடமேற்கு மெக்சிகோவின் சொனோராவிலும் அமெரிக்க எல்லையோர மெக்சிகர் வீடுகளிலும் சுடப்படும் கோதுமைத் தோர்த்தியா தோதான ஒரு பிரதி என்று எனக்குப் படுகிறது.

மெக்சிகோ என்றாலே மக்காச்சோளத் தோர்த்தியாதான் மூத்தது. பூர்வகுடிகளின் நாவா மொழியில் அது 'த்லாஷ்கல்லி'. தோர்த்தியா என்பது ஸ்பானியர் வைத்த பெயர். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, தோல் போகக் கழுவி, நம்மூர் அம்மி போன்ற 'மெத்தாத்தே' கல்லில் அரைத்து, கையால் தட்டி, 'கோமால்' என்கிற தட்டைக் கல்லில் சுடுவார்கள். சுண்ணாம்பால்தான் மாவு ஒட்டிவரும். சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நியாசின் சத்து விடுபடுவதும் அதனால்தான். சோளத்தை எடுத்துக்கொண்டு இந்த அறிவை விட்டுவிட்டுப் போன ஐரோப்பாவில், சோளத்தையே நம்பிக்கிடந்த ஏழைகள் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள்.

கோதுமை வெற்றிகொண்டவனின் தானியம். கத்தோலிக்கத் திருப்பலிக்கான அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி. 1687இல் சொனோராவின் வடபகுதிக்கு வந்த ஏசுசபைப் பாதிரியார் எயுசேபியோ கினோ, மதத்தோடு மாட்டையும் கோதுமையையும் சேர்த்தே பரப்பினார். ஆனால் பாதிரியார் சொன்னார், மக்கள் கேட்டார்கள் என்பது பாதிக் கதைதான். சோளம் பனியில் நிற்காது. கோதுமையைப் பனிக்காலத்தில் விதைத்து, குதிர் காலியாகும் மாதங்களில் அறுத்துவிடலாம். தங்கள் விவசாய நாட்காட்டியில் இருந்த ஓட்டையை அடைக்கத்தான் பூர்வகுடிகள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

தானியத்தின் பின்னாலேயே ஒரு படிநிலையும் வந்து உட்கார்ந்தது. 1899இல் மெக்சிக அரசியல்வாதி பிரான்சிஸ்கோ புல்னெஸ், மனிதகுலத்தைக் கோதுமை தின்பவர், அரிசி தின்பவர், சோளம் தின்பவர் என்று மூன்றாகப் பிரித்து, கோதுமைக்காரர்களே முன்னேறும் இனம் என்று எழுதினார். (அந்தக் கணக்கில் நாமும் கீழேதான்.) நிலம் பறிபோனதைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தட்டில் கிடப்பதைப் பற்றிப் பேசுவது அதிகாரத்துக்குப் பழக்கமான வித்தை.

இனி செய்முறை. அரைக் கிலோ மைதா, 100 கிராம் பன்றிக் கொழுப்பு, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, கை பொறுக்கும் சூட்டில் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர். உப்பும் கொழுப்பும் போட்டு மாவைப் புட்டுமாவுப் பதத்துக்குப் பிசிறிவிட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். மாவின் பசையிழைகள் நீளமாகப் பின்னிக்கொள்ளாமல் கொழுப்பு தடுக்கும். அதனால்தான் பண்டம் மிருதுவாக இருக்கும். 16 உருண்டை பிடித்து, ஈரத்துணி போட்டு, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். இழைகள் தளர அந்த அவகாசம் தேவை. அவசரப்பட்டுத் தேய்த்தால் ரப்பர் மாதிரி சுருண்டுகொள்ளும். அப்புறம் மெலிதாகத் தேய்த்து, காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் போட்டு, கொப்புளம் வந்ததும் திருப்ப வேண்டும்; பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். எடுத்த கையோடு துணியில் சுற்றிவைத்தால் அந்த ஆவியில் வளையும் பதம் வரும். சொனோராவில் கட்டை இல்லாமல், இரண்டு கைகளிலும் முழங்கை வரை விரித்து, அடுத்த பக்கம் தெரிகிற மெலிதுக்கு இழுப்பவர்கள் உண்டு.

கவனியுங்கள். கோதுமையும் பன்றியும் ஸ்பெயினிலிருந்து வந்தவை. அங்கே கோதுமைக்கு மரியாதையான வடிவம், அடுப்பில் வெந்து உப்பிய ரொட்டி. இங்கே பெண்கள் அதைக் கோமாலில் போட்டார்கள். வந்தவனின் சொற்கள், சோளத்தின் இலக்கணம். தெற்கு டெக்சாஸில் பிறந்த குளோரியா அன்சால்துவா, 1987இல் வெளிவந்த தம் நூலில் கலப்பினப் பெண்ணை ஒட்டு ரகச் சோளத்தோடு ஒப்பிட்டார். இந்தக் கோதுமை அடையும் அந்தக் கலப்பின் ஒரு வாக்கியம்தான்.

இதை 'எதிர்ப்பு' என்று கொண்டாடிவிட்டு எழுந்துபோவது நம் விமர்சகர்களுக்கு வசதி. அடுப்படியில் நிற்கிறவளுக்கு அதனால் ஒண்ணும் ஆகப்போவதில்லை. ஒரு குடும்பத்துக்கான சோளத்தை அரைக்க மெக்சிகப் பெண்கள் தினமும் நாலைந்து மணி நேரம் மெத்தாத்தே முன் மண்டியிட்டார்கள். 1920கள், 30களில் கிராமங்களுக்கு அரவை இயந்திரம் வந்தபோது, ஆண்கள் பலர் எதிர்த்தார்கள். என்ன காரணம்? ருசி போய்விடுமாம். பெண்ணின் வேலை குறையும்போதெல்லாம் யாரோ ஒருவருக்கு நாக்கு விழித்துக்கொள்கிறது. இன்று தோர்த்தியா ஆலைகளிலிருந்து பொட்டலமாக வருகிற காலத்தில், 'வீட்டில் செய்தது' என்ற ஏக்கத்திலும் அந்த நாக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது எங்கேயோ நடக்கிற சங்கதி என்றும் விட்டுவிட முடியாது. யாக்கி பூர்வகுடிகளிடமிருந்து பெருமளவு பறிக்கப்பட்ட சொனோராவின் யாக்கிப் பள்ளத்தாக்கில்தான் நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமை ஆய்வுகள் நடந்தன. 'லெர்மா ரோஹோ 64', 'சொனோரா 64' ஆகிய ரகங்களில் 18,000 டன் விதையை இந்தியா 1966இல் மெக்சிகோவிலிருந்து இறக்கியது. அப்போதைய உணவு, வேளாண் அமைச்சர் நம்ம சி. சுப்பிரமணியம். நாம் உருட்டுகிற சப்பாத்தியின் வம்சாவளியிலும் அந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது.

குடும்பத்தோடு சேர்ந்து தோர்த்தியா செய்வதற்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகள் உருண்டை பிடிக்கட்டும், ஆண்கள் பிசையட்டும், தேய்க்கட்டும். இதெல்லாம் உட்கார்ந்து செய்யலாம், பேசிச் சிரிக்கலாம். கல் முன்னால் நிற்பதுதான் தனிவேலை. சுடச்சுடத் தின்றால்தான் ருசி என்பதால், சுடுகிறவர் கடைசியில்தான் சாப்பிட முடியும். அந்த இடம் வாரத்துக்கு ஒருவராக மாறுகிறதா என்பதுதான் கேள்வி. மாறவில்லை என்றால், மற்றவர்கள் செய்தது வேலை இல்லை, விளையாட்டு.