ஆறு பென்ஸ் முதலாளிகள்

கொன்றுவிட்டார்! ஊரறியக் கொன்றுவிட்டார்! இருட்டிலே அல்ல, மறைவிலே அல்ல; இலண்டன் கடைத்தெருவிலே ஆறு பென்சுக்கு விற்ற திங்கள் இதழிலே, படிப்போர் அத்தனை பேர் கண்ணெதிரிலும் கொன்றுவிட்டார்!

நடந்தது 1893 டிசம்பரில். மாண்டவர் ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறியும் நிபுணர். கொன்றவர், அந்த ஹோம்சைத் தம் எழுதுகோலால் பெற்றெடுத்த ஆர்தர் கானன் டாயில். சுவிட்சர்லாந்து நாட்டிலே ரைக்கன்பாக் என்றோர் அருவி. அதன் பாதாளத்தில், மோரியார்ட்டி என்னும் கொடியவனோடு கட்டிப் புரண்டு ஹோம்ஸ் வீழ்ந்தார் என்று எழுதி முடித்தார் டாயில். அப்பாடா, தொல்லை தீர்ந்தது என்று எண்ணினார்.

தீருமா? கடிதங்கள் குவிந்தன. கண்ணீர்க் கடிதம், கண்டனக் கடிதம், கெஞ்சும் கடிதம், மிஞ்சும் கடிதம்! ஒரு பெண்மணி அவரை மிருகம் என்று விளித்தே கடிதத்தைத் தொடங்கினாராம். டாயிலே பிற்காலத்தில் குறித்து வைத்திருக்கிறார். இளைஞர்கள் கையிலே கறுப்புத் துணி கட்டித் துக்கம் காத்தனர் என்றும் ஒரு கதை உலவுகிறது. அந்நாளைய ஏடுகளில் அதற்குச் சான்று தேடியோர் வெறுங்கையோடு திரும்பினர். ஆகவே அதை நாம் சேர்த்துக் கொள்ளவில்லை. உள்ளது போதும், நாம் சொல்ல வந்ததற்கு.

“எங்கள் ஹோம்சை நீ எப்படிக் கொல்லலாம்?” இதுதான் அத்தனை கடிதங்களின் சாரம். எங்கள்! இனிய சொல். மேடையேறும் நமக்கும் பிடித்த சொல். ஆனால் தோழர்களே, அந்த எங்களுக்குள்ளே அன்பு எவ்வளவு, ஆண்டைத்தனம் எவ்வளவு என்று சற்றே பிரித்துப் பார்க்க வேண்டாமா?

டாயில் யார்? எடின்பரோவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், சவுத்சீ என்னும் கடற்கரை ஊரில் பலகை மாட்டிக்கொண்டு நோயாளி வருவானா என்று வழிபார்த்தவர். நோயாளி வராத நேரத்திலே எழுதினார். ஹோம்ஸ் தோன்றும் முதல் கதையை 1886-ல் ஒரு பதிப்பகத்தாரிடம் கொடுத்தார். கொடுத்த விலை என்ன தெரியுமா? 25 பவுண்டு! உரிமை முழுவதும் அதிலே அடக்கம். அந்த நூல் பல பதிப்புகள் கண்டது. டாயிலுக்கு அதற்குமேல் ஒரு காசு வரவில்லை. ஹோம்ஸ் மாண்டதற்குக் குமுறிய கூட்டம், ஹோம்சைப் படைத்தவன் இப்படி ஏய்க்கப்பட்டானே என்று குமுறியதுண்டோ? இல்லை. பண்டம் வந்தது, பண்டம் செய்தவன் வயிறு யாருக்குத் தெரியும்!

பிறகு 1891 ஜூலையிலிருந்து ‘ஸ்ட்ராண்ட்’ இதழிலே திங்கள்தோறும் ஹோம்ஸ் கதை. நாடே படித்தது. நவம்பர் வந்தபோதே டாயிலுக்குச் சலித்துவிட்டது. ஹோம்சைத் தீர்த்துக்கட்டப் போவதாகத் தாயாருக்கு எழுதினார். அந்த அம்மையார் விடவில்லை, அடுத்த கதைக்குக் கருவும் கொடுத்தார்! சலிப்புக்குக் காரணம் சோம்பல் அன்று. நாவல் ஒன்றுக்கு வேண்டிய புதுக் கரு ஒவ்வொரு சிறு கதைக்கும் வேண்டியிருந்தது. அவர் நெஞ்சமோ வரலாற்று நாவல்களில் இருந்தது; தமக்குப் பெயர் அவற்றாலே நிலைக்கும் என்று நம்பினார்.

இதழோ மேலும் கேட்டது. கதைக்கு 50 பவுண்டு என்றார், தந்தார்கள். 12 கதைக்கு 1,000 பவுண்டு என்றார், மறுத்துவிடட்டும் என்ற ஆசையிலே. அதையும் தந்தார்கள்! ஆலையிலே உழைக்கும் தோழருக்கு இது விளங்கும். உடல் ஓய்ந்த நாளில் ‘இன்னொரு ஷிப்ட் பார்’ என்பார் மேஸ்திரி. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனமின்றி, மூன்று மடங்கு கூலி தருவீரா என்று கேட்டு வைப்போம். ‘தருகிறேன், ஏறு மெஷினுக்கு’ என்றால் என்ன செய்வது?

கடிதம் எழுதியோர் அறியாத இன்னொன்றும் உண்டு. அந்த 1893-ஆம் ஆண்டிலேதான் டாயிலின் தந்தை மறைந்தார். அதே ஆண்டிலேதான் அவர் துணைவியாருக்குக் காசநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வீட்டிலே மெய்யான மரணம், மெய்யான இருமல். வாசலிலே தபால்காரர், கற்பனை மனிதனுக்காக வந்த ஒப்பாரிக் கட்டோடு.

கேட்கிறோம்: ஆறு பென்ஸ் கொடுத்தவன் எதை வாங்கினான்? அந்தத் திங்கள் இதழை வாங்கினான். அடுத்த திங்களையும் சேர்த்தா வாங்கினான்? எழுதியவன் தூக்கத்தையும் ஆயுளையும் சேர்த்தா வாங்கினான்? பகலெல்லாம் ஒருவனிடம் கைகட்டி உழைப்பவன், மாலையிலே ஆறு பென்சை வீசிவிட்டு இன்னொரு உழைப்பாளிக்கு ஆண்டையாகிறான்! விசில் ஊதியதும் ஆலையைவிட்டு வெளியேறும் உரிமை நமக்கு உண்டென்றால், எழுதுகோலைக் கீழே வைக்கும் உரிமை அவனுக்கு இல்லையா?

“அப்படியானால் படிப்பவனுக்கு உரிமையே கிடையாதா?” என்று கேட்பீர்கள். உண்டு. ஹோம்ஸ் கதைகளை டாயில் அமைத்த விதத்தையே பாருங்கள். ஒரு திங்கள் தவறவிட்டவனும் ஏமாறக்கூடாதென்று, ஒவ்வொரு கதையையும் அந்தந்த இதழிலேயே முடித்தார். அன்றன்று கூலி, அன்றன்று கணக்கு. பாக்கி ஏதும் இல்லை. ‘தொடரும்’ என்று போட்டு நம்மைக் காக்க வைப்பவர் கதை வேறு. அவர் கடன் வைத்தவர்தான். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியிலே நின்றது. மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். தந்தை வைத்த ‘தொடரும்’ வீண்போகவில்லை.

அமெரிக்காவிலே ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்று ஓர் எழுத்தாளர். 1996-ல் ஒரு பெருங்கதையைத் தொடங்கினார். 2011-ல் ஐந்தாவது நூல் வந்தது. பத்து ஆண்டுகள் கழிந்தும் ஆறாவது வரவில்லை. அது கடன்தான், மறுக்கவில்லை. கேட்பதும் தகும். ஆனால் கேட்டவர்கள் சிலர் கேட்ட விதம் இருக்கிறதே! பந்தாட்டம் பார்க்கிறார், எழுத வேண்டிய நேரத்தை வீணடிக்கிறார் என்று ஏசினார்கள். அவர் வயதை விரல்விட்டு எண்ணினார்கள். ஒரு மனிதன் சாவானே என்ற துயரமா அது? கதை முடியாமல் சாவானே என்ற கவலை!

சரி, டாயிலுக்கு வருவோம். எட்டு ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார். 1901-ல் ஹோம்சை வைத்து ஒரு நாவல் தந்தார், சாவுக்கு முன்பு நடந்ததாகச் சொல்லி. பிறகு ஓர் அமெரிக்க இதழ் 13 கதைக்கு 45,000 டாலர் தருவதாகச் சொன்னது. 1903-ல் ஹோம்ஸ் உயிரோடு வந்து நின்றார். அருவியில் விழுந்தவன் மோரியார்ட்டி மட்டுமே என்றார் டாயில். நம்பினார்கள், நம்ப விரும்பியவர்கள்!

இங்கேதான் நம் தராசு மறுபக்கம் சாய்கிறது. கொன்றது குற்றமன்று, ஆனால் பணம் பேசி எழுப்பிய பிறகு, மனமில்லை என்று சொல்லி மட்டமான சரக்கைத் தள்ளிவிட வழியில்லை. முழு விலை வாங்கினால் முழு எடை தர வேண்டும். தந்தாரா?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் பெரும் புலவர் அல்லர். கார்ன்வால் கடற்கரையிலே படகோட்டும் ஒரு தொழிலாளி. டாயிலைக் கண்டு அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: அருவியிலே விழுந்த ஹோம்ஸ் செத்திருக்க மாட்டார் ஐயா, ஆனாலும் அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை! அவ்வளவுதான். ஏச்சில்லை, மிரட்டலில்லை, ‘எங்கள் ஹோம்ஸ்’ என்ற அதிகாரமில்லை. விலை கொடுத்து வாங்கிய துணியை வெயிலிலே விரித்து, இழை இங்கே தளர்ந்திருக்கிறது என்று நெய்தவனிடமே காட்டுவது போன்ற பேச்சு. டாயில் சினந்தாரா? 1924-ல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவுகளிலே அந்தப் படகோட்டியின் சொல்லை அவரே எடுத்து எழுதி வைத்தார். அந்தத் தீர்ப்பு முழுதும் சரியென்று நாம் சொல்ல மாட்டோம். பிற்காலக் கதைகளிலும் சில முதல்தரம். ஆனாலும் சொன்ன முறைக்காகப் படகோட்டியையும், ஏற்ற முறைக்காக எழுத்தாளரையும் நமக்குப் பிடித்துவிட்டது.

1927-ல் கடைசிக் கதைகள் நூலாக வந்தன. சிறுகதை 56, நாவல் 4 என்று கணக்கு முடிந்தது. அந்த நூலின் முன்னுரையிலே டாயில் ஹோம்சுக்கு விடைகொடுத்தார், இம்முறை அருவியில் தள்ளாமல். இத்தனை ஆண்டுகள் உடனிருந்தீர்கள் என்று படித்தவர்களுக்கு நன்றி சொன்னார். 25 பவுண்டுக்கு முதல் கதையை விற்று அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.