மங்கிய புள்ளியின் பாதை

வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறுகோளின் பாதையை வானியலாளர்கள் எவ்வாறு அறிகின்றனர்? விண்மீன்களுக்கிடையே அது தென்படும் இடத்தை இரவுதோறும் குறித்துக்கொண்டு, அக்குறிப்புகளுக்குப் பொருந்தும் நீள்வட்டத்தைக் கணிக்கின்றனர். குறிப்புகள் சில நாள்களுக்கே உரியவையாயின், அவற்றிலுள்ள சிறுபிழையும் ஆண்டுகள் செல்லச்செல்லப் பன்மடங்காகப் பெருகிவிடும்.

சுமார் 340 மீட்டர் குறுக்களவுள்ள அபோபிஸ் என்னும் சிறுகோளின் வரலாற்றில் இதனை நாம் தெளிவாகக் காணலாம். 2004 ஜூனில் அரிசோனாவின் கிட் பீக் வானாய்வகத்தில் கண்டறியப்பட்ட அது, இரண்டு இரவுகளுக்குப்பின் பார்வைக்குத் தப்பிவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் காணப்பட்டபின், 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு வரை உயர்ந்தது. அந்நிலையில் பழைய படங்களைத் துருவினர். கண்டுபிடிப்புக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில் எடுத்த படங்களில், எவரும் கவனியாத அம்மங்கிய புள்ளி பதிந்திருந்தது. அச்சான்றைச் சேர்த்துக் கணித்ததும் 2029 குறித்த அச்சம் நீங்கிற்று. அடுத்த நூறாண்டுகளுக்கேனும் மோதல் இல்லை என்பதை 2021 மார்ச்சில் எடுத்த ரேடார் அளவீடுகள் உறுதிசெய்தன. 2029இல் அது தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துசெல்லும்.

அப்பாறை தன் வழியே சென்றுகொண்டிருந்தது. நம் கணிப்புதான் சான்றுதோறும் திருந்தி வந்தது. பயனற்றவை எனத் தோன்றிய படங்களைப் பேணி வைத்தோருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.