விளக்கா பழுது, வானலையா?

கைப்பேசியைத் தொட்டால் எரியும் விளக்குகள் இன்று நடுத்தர வர்க்க வீடுகளுக்கும் வந்துவிட்டன. பகலெல்லாம் சொன்னபடி கேட்கும் விளக்கு, இரவு எட்டு மணிக்கு மேல் தாமதித்தோ விட்டுவிட்டோ எரிந்தால், விளக்குதான் கெட்டுவிட்டது என்று பலரும் புதியதை வாங்கிவிடுகின்றனர். ஆனால், பல நேரங்களில் பழுது விளக்கில் இல்லை. வானலை நெரிசலில் இருக்கிறது.

இவ்விளக்குகளில் பல, ஜிக்பீ என்னும் தொழில்நுட்பத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபை, புளூடூத் ஆகியவற்றுக்கும் அதுவே இருப்பிடம். மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான் விழுகிறது. உரிமம் தேவைப்படாத இந்த அலைவரிசை ஊர்ப் பொதுக்குளம் போன்றது. யாரும் இறங்கலாம், தனக்கு இடம் விடும்படி எவரும் உரிமை கோர இயலாது. வைஃபையின் ஒரு தடம் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஜிக்பீக்கு வெறும் 2 மெகாஹெர்ட்ஸ். சந்தை இரைச்சலில் மெல்லப் பேசுபவரின் நிலைதான் விளக்குக்கு.

உறவினர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில் இச்சிக்கலை ஆராய நேர்ந்தது. நான் முதலில் கேட்டது, 'எந்த விளக்கு?' என்பதையல்ல, 'எந்த நேரத்தில்?' என்பதையே. எப்போதும் எரியாவிட்டால் தொலைவையும் கான்கிரீட் சுவரையும் ஐயுறலாம். மாலையில் மட்டும் என்றால் நெரிசலைத்தான் ஐயுற வேண்டும். அங்கே விளக்குகளின் கட்டுப்பாட்டுக் கருவி ரௌட்டரின் மீதே வைக்கப்பட்டிருந்தது. அருகில் யுஎஸ்பி 3.0 வன்தட்டு வேறு. அந்த இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்வதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கியிருக்கிறது. கருவியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தோம். வைஃபையை 1-ஆம் தடத்திலும், ஜிக்பீயை அதிலிருந்து வெகுவாக விலகிய 25-ஆம் தடத்திலும் நிறுத்தினோம். பெருமளவு சீரானது.

எஞ்சிய குறைக்குக் காரணம் வானலையன்று. இத்தகைய விளக்குகள் கட்டளையை ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றுபவை. கூடத்து விளக்கைச் சிக்கனம் கருதிச் சுவர் சுவிட்சில் பாட்டி அணைத்துவிட, சங்கிலி அறுந்து, பின்னறை விளக்கு தனித்துவிடப்பட்டது. பாட்டியின் பழக்கத்தில் தவறில்லை. அதைக் கணக்கில் கொள்ளாத அமைப்பில்தான் குறை.

நள்ளிரவில் கழிவறைக்கு எழும் முதியவருக்கு ஒரு நொடித் தாமதமும் இடறிவிழப் போதுமானது. ஆகவே, வழியிலும் கழிவறையிலும், இணையமோ வானலையோ இல்லாதபோதும் கையால் இயங்கும் சுவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். சுவிட்சுக்குள் பொருத்தும் கருவிகள் இதற்கு ஏற்றவை. எந்த அலைவரிசையில் இயங்கும், வலைப்பின்னல் செயலிழந்தால் கையால் இயக்க முடியுமா என்னும் இரு விவரங்களையும் உற்பத்தியாளர்கள் பெட்டியின் மீதே தெளிவாக அச்சிட வேண்டும். வெளிச்சம் வசதிக்கு மட்டுமன்று, பாதுகாப்புக்கும் உரியது.